ஆரஞ்சு டப்பாவுக்குள் ஒரு தம்புரா!

‘கொர்ர்ர்...’னு சத்தம் வந்தா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா? இல்லவே இல்லை, கச்சேரியே இனிமேதான் ஆரம்பம்!

சனிக்கிழமை சாயங்காலம், வண்ணார்பேட்டை. வடக்கு பைபாஸ் ரோட்டுல பஸ்ஸெல்லாம் ஏர்ஹாரனை அலறவிட்டுக்கிட்டு ரவுண்டானாவைச் சுத்துது. நீங்க மாடி ரூம்ல உட்கார்ந்திருக்கீங்க. மடியில எலெக்ட்ரிக் கிட்டார். பக்கத்துல ஃப்ரெண்டுகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்த சின்ன ஆம்ப்ளிஃபயர். கால் கீழே, சோப்பு டப்பா சைஸ்ல ஒரு ஆரஞ்சு கலர் உலோகப் பெட்டி. கட்டை விரலால அதை ஒரு அமுக்கு. சின்னதா சிவப்பு லைட் எரியுது. கம்பியில ஒரு தட்டு...

கொர்ர்ர்ர்ர்ர்ர்!

உடம்பெல்லாம் சிலிர்க்குது உங்களுக்கு. கீழே இருந்து அம்மா குரல்: “எலேய்... ரேடியோ கெட்டுப் போச்சா? கொரகொரன்னு இழுக்கு! அணைச்சுப் போடுல!”

அம்மாவைக் கோவிச்சுக்காதீங்க. அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்தச் சத்தம், டெக்னிக்கலா பார்த்தா, கெட்டுப்போன சத்தம்தான். அதுக்குப் பேரே ‘டிஸ்டார்ஷன்’. ‘சிதைவு’னு தமிழ்ப்படுத்தலாம். ஆம்ப்ளிஃபயர் தயாரிக்கிற இன்ஜினீயர்கள் எதை ஒழிச்சுக்கட்டணும்னு மண்டையை உடைச்சுக்கிட்டாங்களோ, அதையே காசு கொடுத்து வாங்கி காலால மிதிச்சு வரவழைக்கிறோம். ராக் மியூசிக்கோட மொத்தக் கதையும் இந்த ஒரு வரிதான்.

ஆனா இது ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம், சென்னை, பெங்களூர் பசங்களுக்குத்தான் செட் ஆகும், திருநெல்வேலிக்காரனுக்கு எதுக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இந்தச் சத்தத்தோட ரகசியம் உங்க காதுக்கு ஏற்கெனவே பழக்கம். உங்க லேப் ரெக்கார்டு நோட்டுலயும் இருக்கு. எப்படின்னு பார்ப்போமா?

பழுதாகிப் போன மிக்ஸர்!

அமெரிக்காவுல நாஷ்வில்னு ஒரு ஊர். அங்கே ஸ்டுடியோவுல மார்ட்டி ராபின்ஸ்ங்கிற பாடகரோட பாட்டு ரெக்கார்டிங் நடந்துச்சு. நடுவுல கிரேடி மார்ட்டின்ங்கிறவர் ஆறு கம்பி பேஸ் கிட்டார்ல ஒரு பிட்டு வாசிக்கிறார். திடீர்னு சவுண்டு கரகரன்னு கிழியுது. என்னன்னு பார்த்தா, மிக்ஸிங் டேபிள்ல அவர் சேனல் பழுது!

நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? “கட் கட், திரும்ப எடுப்போம்”னு சொல்லியிருப்போம். அவங்களோ அதை அப்படியே வெச்சுட்டாங்க. 1961-ல் அந்தப் பாட்டு வெளியாச்சு. ஹிட்! பாட்டோட பேர் என்ன தெரியுமா? ‘டோன்ட் வொர்ரி’. பழுதான மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமான ஆறுதல் கிடைக்குமா?

அந்த ரெக்கார்டிங் இன்ஜினீயர் கிளென் ஸ்னாடி லேசுப்பட்ட ஆள் இல்லை. பழுதான மிக்ஸர் எந்நேரமும் பழுதாவே இருக்கும்னு நம்ப முடியாதே! அதே சத்தத்தை எப்ப வேணும்னாலும் வரவழைக்க, டிரான்சிஸ்டர் வெச்சு ஒரு சர்க்யூட் போட்டார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி, 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ங்கிற பேர்ல விற்பனைக்கு விட்டுச்சு. கடையில விற்பனைக்கு வந்த முதல் கரகர பெடல் அதுதான்.

ஆரம்பத்துல யாரும் சீண்டலை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோட கீத் ரிச்சர்ட்ஸ், ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டுல அதை மிதிச்சார். அவர் மனசுல நினைச்சது டிரம்பெட், சாக்ஸபோன் மாதிரி ஊது வாத்தியங்கள். ‘இந்த இடத்துல இப்படி வரணும்’னு அடையாளத்துக்குத்தான் பெடல் போட்டு வாசிச்சு வெச்சார். ஆனா அந்த அடையாளமே ரெக்கார்டா வெளியாகி உலகத்தைக் கலக்கிடுச்சு. கடையில தூங்கிக்கிட்டிருந்த பெடலெல்லாம் பறந்துடுச்சு.

பெடலே இல்லாம கரகரப்பை வரவழைச்சவங்க இன்னும் ஒரு படி மேலே. லிங்க் ரே, 1958-ல் ‘ரம்பிள்’ பாட்டுக்காக ஸ்பீக்கர் பேப்பர்ல பென்சிலால ஓட்டை போட்டார். கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ், 1964-ல் பிளேடு எடுத்து ஸ்பீக்கரைக் கீறியே விட்டார். (ப்ளீஸ், அப்பாவோட ஹோம் தியேட்டர்ல இதை முயற்சி பண்ணாதீங்க!)

ஆரஞ்சு டப்பா வந்தாச்சு!

இப்ப நம்ம ஹீரோ என்ட்ரி. ஜப்பானோட ரோலண்ட் கம்பெனி, ‘பாஸ்’ங்கிற பேர்ல பெடல்கள் தயாரிக்க ஆரம்பிச்சது. (ஆமாம், ‘ஹலோ பாஸ்’னு நாம கூப்பிடுற அதே பாஸ்தான்!) 1978-ல் அவங்க கொண்டு வந்ததுதான் ‘டிஎஸ்-1 டிஸ்டார்ஷன்’. ஆரஞ்சு கலர், மூணே மூணு திருகு. ‘டோன்’ திருகினா சத்தத்தோட கூர்மை மாறும். ‘லெவல்’ திருகினா வால்யூம். ‘டிஸ்ட்’ திருகினா கரகரப்பு. அவ்வளவுதான் மேட்டர். ஓட்டுறதுக்கு 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு.

ஜோ சாட்ரியானி, ஸ்டீவ் வை மாதிரி விரல் வித்தைக்காரர்களும் இதை மிதிச்சிருக்காங்க. மூணு கார்டு மட்டும் போட்டு உலகத்தையே தலையாட்ட வெச்ச நிர்வாணா குழுவோட கர்ட் கோபேனும் இதை மிதிச்சிருக்கார். 1991-ல் அவங்களோட ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்த பிறகு, கிட்டார் தூக்குன பசங்க பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வியே, “அந்த ஆரஞ்சு டப்பா எங்கே கிடைக்கும்?”தான். இன்னைக்கு மொபைல் ஆப்லயே இந்தச் சத்தம் கிடைக்குது. ஆனாலும் டிஎஸ்-1 இன்னும் தயாராகிக்கிட்டுத்தான் இருக்கு. அதே கலர், அதே மூணு திருகு!

உங்க ரெக்கார்டு நோட்டைத் திறங்க!

சரி, அந்த டப்பாவுக்குள்ளே அப்படி என்னதான் இருக்கு?

நீங்க எலெக்ட்ரானிக்ஸ் ஸ்டூடண்டா? வண்ணார்பேட்டை பிரான்சிஸ் சேவியர் இன்ஜினீயரிங் காலேஜ், அரசு பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக்... எங்கே படிச்சாலும் ‘கிளிப்பர்’னு ஒரு எக்ஸ்பெரிமென்ட் பண்ணியிருப்பீங்க. உள்ளே ஒரு சைன் வேவ் அனுப்புவோம். மலை மாதிரி ஏறி இறங்குற அலை. நடுவுல ஒரு டயோடு. சிஆர்ஓ ஸ்கிரீன்ல பார்த்தா, மலையோட உச்சியை யாரோ கத்தியால சீவிவிட்ட மாதிரி மொட்டையா நிற்கும். அதை கிராஃப் பேப்பர்ல வரைஞ்சு, மேடம்கிட்ட கையெழுத்து வாங்கி, எக்ஸாம் முடிஞ்சதும் மறந்திருப்பீங்க.

பாஸ், அந்த எக்ஸ்பெரிமென்ட்தான் டிஸ்டார்ஷன் பெடல்!

சிலிக்கான் டயோடுக்கு ஒரு குணம் உண்டு. சுமார் 0.6 வோல்ட் வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு சும்மா இருக்கும். அதைத் தாண்டினதும் கதவைத் திறந்து மிச்சத்தை கிரவுண்டுக்கு வழிய விட்டுடும். ரெண்டு டயோடை எதிரும் புதிருமா வெச்சா அலையோட மேல் உச்சி, கீழ் உச்சி ரெண்டுமே மொட்டை. டிஎஸ்-1 உள்ளேயும் கிட்டார் சிக்னலை நல்லா பெருக்கிட்டு, கடைசியில இப்படி ஒரு ஜோடி டயோடுகிட்டதான் மோத விடுறாங்க.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்பியைத் தட்டினதும் 50 மில்லிவோல்ட் வருதுன்னு வெச்சுக்கோங்க. 48 மடங்கு பெருக்கினா 2.4 வோல்ட். டயோடு விடுமா? 0.6-லயே வெட்டிடும். கொஞ்ச நேரத்துல கம்பியோட ஆட்டம் குறைஞ்சு 25 மில்லிவோல்ட் ஆகுது. பெருக்கினா 1.2 வோல்ட். அப்பவும் 0.6 தான் வெளியே வரும். இன்னும் குறைஞ்சு 15 மில்லிவோல்ட். பெருக்கினா 0.72. அப்பவும் அதே 0.6! கம்பி பாதிக்கு மேல ஓய்ஞ்சு போச்சு, ஆனா காதுக்குக் கேட்கிற சத்தம் குறையவே இல்லை. சாதாரண கிட்டார்ல ‘டிங்’னு வந்து செத்துப் போற ஸ்வரம், பெடல்ல ‘டீஈஈஈங்’னு நீளுற ரகசியம் இதுதான். கரகரப்பு மட்டும் இல்லை, நீளமும் சேர்ந்து கிடைக்குது.

தம்புராவும் இதைத்தானே செய்யுது?

இப்பதான் விஷயம் சூடு பிடிக்குது. உச்சியை வெட்டினா ஏன் சத்தம் மாறணும்?

சுத்தமான சைன் வேவ்ல ஒரே ஒரு ஸ்வரம்தான் இருக்கும். ‘ஸ’ன்னா வெறும் ‘ஸ’. மேலேயும் கீழேயும் சமமா வெட்டினதும் அதோட 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்குன்னு ஒற்றைப்படை அதிர்வெண்கள் புதுசா முளைக்கும். 3 மடங்கு என்ன ஸ்வரம் தெரியுமா? மேல் ஸ்தாயி ‘ப’. 5 மடங்கு? அதுக்கும் மேல் ஸ்தாயியில அந்தர காந்தாரம், ‘க’. நீங்க வாசிச்சது ‘ஸ’ மட்டும்தான். டயோடு அதுவா ‘ப’வும் ‘க’வும் சேர்த்துக் கொடுக்குது. 7, 11, 13 எல்லாம் எந்த ஸ்வரத்துலயும் சரியா உட்காராம கூடவே வருதே, அவங்கதான் அந்த ‘கர்ர்’ பார்ட்டி!

‘ஸ’ வாசிச்சா ‘க’ கேட்குதா... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? வீட்டுல யாராவது பாட்டு கிளாஸ் போறவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. நல்லா ஸ்ருதி சேர்த்த தம்புராவுல, யாருமே மீட்டாத அந்தர காந்தாரம் தானா ஒலிக்கும்னு சொல்வாங்க. அதுக்கு ‘ஸ்வயம்பு காந்தாரம்’னு பேரே உண்டு. தம்புராவோட குதிரையில, கம்பிக்கு அடியில சின்னதா ஒரு நூல் சொருகியிருக்கும். ‘ஜீவா’ம்பாங்க. அந்த நூலை எடுத்துட்டா தம்புரா ‘டொங்... டொங்’னு மொட்டையா கேட்கும். நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினதும் கம்பி குதிரையில லேசா உரசி ‘ஙொய்ய்ய்’னு ரீங்காரம் கிளம்பும். உரசல்னு பார்த்தா அது குறை. ஆனா அதுக்கு நம்ம ஆளுங்க வெச்ச பேரைப் பாருங்க... ஜீவன்!

நூலும் டயோடும் ஒண்ணான்னு கேட்டா, செய்யுற விதம் வேற வேற. ஆனா ரெண்டுமே செய்யுற வேலை, ஒரு மொட்டை ஸ்வரத்துக்கு மேல்ஸ்வரங்களைக் கூட்டி உயிர் கொடுக்கிறதுதான்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கிறவங்க முழு கார்டு பெரும்பாலும் வாசிக்க மாட்டாங்க. ‘பவர் கார்டு’னு ரெண்டே ஸ்வரம்தான். ‘ஸ’வும் ‘ப’வும். ஏன் ‘க’வைச் சேர்க்கிறதில்லை? கிட்டார் மேளத்துல இருக்கிற ‘க’ அசல் காந்தாரத்தைவிட ஒரு பொடி அளவு தூக்கல். ஒரு அரை ஸ்வரத்தை நூறா பிரிச்சா அதுல 14 பங்கு வித்தியாசம். சும்மா வாசிச்சா தெரியாது. டிஸ்டார்ஷன் அதைப் பூதக்கண்ணாடி வெச்சுக் காட்டி, கலங்கின தண்ணி மாதிரி குழப்பிடும். ‘ஸ’, ‘ப’ மட்டும்னா கச்சிதம். கூடவே கீழ் ஸ்தாயி ‘ஸ’ ஒண்ணு சும்மா கிடைக்கும். ரெண்டு அதிர்வெண்களோட வித்தியாசம் அங்கே போய் விழும். அதனாலதான் ரெண்டு விரல்ல வாசிச்சாலும் சுவர் இடியற மாதிரி கேட்குது.

தம்புராவோட நாலு கம்பிக்கும் வழக்கமா என்ன ஸ்ருதி? ப-ஸ-ஸ-ஸ. அங்கேயும் ‘ஸ’வும் ‘ப’வும் மட்டும்தான்!

காருக்குறிச்சியாரும் கிட்டாரும்

நெல்லையில இருந்துக்கிட்டு ஒரு பேரைச் சொல்லாம இசை பத்தி எழுத முடியாது. காருக்குறிச்சி அருணாசலம் (1921-1964). இதே தாமிரபரணிக் கரையில, சேரன்மகாதேவி பக்கத்துல இருக்கிற காருக்குறிச்சிக்காரர். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துல எஸ்.ஜானகி குரலோட போட்டி போடுற நாதஸ்வரம் அவரோடதுதான்.

கோயில் வாசல்ல மைக் இல்லாம வாசிச்சாலும் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற வாத்தியம் நாதஸ்வரம். காரணம் என்ன? சீவாளி அதிர்ந்து மேல்ஸ்வரங்களை அள்ளிக் கொட்டுது. மூச்சு இருக்கிற வரைக்கும் ஸ்வரம் சாகாது. அதனால ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சு இழுத்து, ஆட்டி, குழைச்சு கமகம் பண்ணலாம். சாதாரண கிட்டார்ல இது கஷ்டம். கமகம் பண்ணி முடிக்கிறதுக்குள்ளே ஸ்வரம் ஓய்ஞ்சுடும். டிஸ்டார்ஷன் போட்டாச்சுன்னா? மேல்ஸ்வரமும் உண்டு, நீளமும் உண்டு. நாதஸ்வரம் செய்யுற வேலைக்கு கிட்டார் கிட்ட வந்துடுது.

இதை ஒரு தமிழ்ப் பையன் நல்லாவே புரிஞ்சுக்கிட்டார். ராணிப்பேட்டையில பிறந்த ஆர்.பிரசன்னா. ‘கிட்டார் பிரசன்னா’ன்னா இசை வட்டாரத்துல எல்லாருக்கும் தெரியும். படிச்சது எங்கே? சென்னை ஐஐடியில கப்பல் கட்டுற இன்ஜினீயரிங்! அப்புறம் அமெரிக்காவுல பெர்க்லி மியூசிக் காலேஜ். எலெக்ட்ரிக் கிட்டார்ல முழு கர்நாடக சங்கீதக் கச்சேரி பண்றவர். 2006-ல் அவர் வெளியிட்ட ஆல்பத்தோட பேர் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’. ஜிமி ஹென்ட்ரிக்ஸோட 1968 ஆல்பமான ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ ஞாபகம் வருதா? அதே ஹென்ட்ரிக்ஸுக்கு நம்மாளு வெச்ச மரியாதை அது. ராக் கிட்டாரோட உறுமலும் நம்ம ஊர் தாளமும் ஒரே மேடையில உட்கார்ந்து பேசிக்கிற மாதிரி இருக்கும். ஆஸ்கர் வாங்கின ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசையமைச்சவரும் இவர்தான்.

பக்கத்து மாநிலத்துலயும் ஒருத்தர் இருக்கார். கொச்சியின் ‘மதர்ஜேன்’ ராக் குழுவுல வாசிச்ச பைஜு தர்மஜன். 2008-ல் வந்த அவங்களோட ‘மக்தூப்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்க. கிட்டார் கமகம் போட்டுக் குழையும்.

கல்ச்சுரல்ஸ்ல மானத்தைக் காப்பாத்துங்க!

இப்ப உங்க மேட்டருக்கு வருவோம். காலேஜ் கல்ச்சுரல்ஸ். ஆறு மாசமா ரூம்ல பிராக்டீஸ் பண்ணிட்டு மேடை ஏறுறீங்க. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. மைக்செட் அண்ணன், “தம்பி, ஒயரை இங்கே குடு”ன்னு வாங்கி, பெடல்ல இருந்து நேரா மிக்ஸர்ல சொருகிடுறார். முதல் தட்டு தட்டுறீங்க. ரூம்ல சிங்கம் மாதிரி உறுமின கிட்டார், இப்ப டப்பாவுக்குள்ளே மாட்டின தேனீக் கூட்டம் மாதிரி ‘ஞ்ஞ்ஞ்’னு கத்துது! முன் வரிசையில பிரின்ஸிபால் காதைப் பொத்துறார். பின்னால பசங்க ஊளை. மேடையை விட்டு இறங்கும்போது, ‘நமக்கு ராக் எல்லாம் வராதுடா’ன்னு நீங்களே முடிவு பண்ணிடுறீங்க.

தப்பு உங்க விரல்ல இல்லை. பெடல்லயும் இல்லை. கிட்டார் ஆம்ப்ளிஃபயர்ல இருக்கிற ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிற சத்தத்தைப் பெரும்பாலும் விழுங்கிடும். டிஸ்டார்ஷன்ல முளைக்கிற கூர்மையான மேல்ஸ்வரங்களை அது வடிகட்டிடுது. மைக்செட் ஸ்பீக்கரோ பாட்டுக்காரர் குரல் தெளிவா கேட்கணும்னு அதுக்கு மேலேயும் அப்படியே வெளியே விடும். அதான் தேனீ!

என்ன செய்யலாம்?

* எப்பாடுபட்டாவது சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணை மேடைக்குக் கொண்டு போங்க. அதோட ஸ்பீக்கர் முன்னால ஒரு மைக்கை நிறுத்தச் சொல்லுங்க. இதுதான் பெஸ்ட்.
* அது முடியலைன்னா, கிட்டார் ஸ்பீக்கர் மாதிரியே வடிகட்டுற ‘கேபினெட் சிமுலேட்டர்’ பல மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகள்ல இருக்கு. அதை ஆன் பண்ணிட்டு மிக்ஸருக்குப் போங்க.
* அதுவும் இல்லையா? மைக்செட் அண்ணன்கிட்ட தன்மையா, “அண்ணே, என் சேனல்ல டிரெபிளை நல்லா குறைச்சிருங்க”ன்னு சொல்லுங்க. பெடல்ல ‘டோன்’ திருகை பாதிக்குக் கீழே வைங்க. சிங்கம் வராது, ஆனா தேனீயும் வராது!
* ‘டிஸ்ட்’ திருகை முழுசா திருகுறது புதுசா வாங்கினவங்க எல்லாரும் செய்யுற தப்பு. ரூம்ல பிரம்மாண்டமா கேட்கும். மேடையில டிரம்ஸோட சேர்ந்தா கரைஞ்சு காணாமப் போயிடும். பாதியில ஆரம்பிங்க.
* வாசிக்காத நேரத்துல கம்பி மேல உள்ளங்கையை வைங்க. பெடல் உங்க ஸ்வரத்தை மட்டும் இல்லை, இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்குது.

செகண்ட் ஹேண்ட் வாங்கறீங்களா?

நெல்லைக்காரங்களுக்கே அல்வா கொடுக்கிற ஆளுங்க இருக்காங்க, உஷார்! மூணு திருகையும் திருகிப் பாருங்க, ‘கரக் கரக்’னு சத்தம் வந்தா உள்ளே தேய்மானம். காலால பத்துத் தடவை அமுக்கிப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் லைட் ஒழுங்கா மாறணும். அடாப்டர் வாங்கும்போது 9 வோல்ட்தானா, நடுவுல நெகட்டிவ் வர்ற வகைதானான்னு பார்த்து வாங்குங்க. மாத்தி வாங்கினா வேலை செய்யாது, சில பெடல் புகைஞ்சும் போகலாம். பேட்டரியில ஓட்டினா, வாசிச்சு முடிச்சதும் கிட்டார் ஒயரைப் பிடுங்கிடுங்க. ஒயர் சொருகியிருக்கிற வரைக்கும் லைட் எரியாட்டியும் பேட்டரி காலியாகிக்கிட்டே இருக்கும்.

காசு இல்லையா? கவலையை விடுங்க!

கம்பெனி பெடல் வாங்க சில ஆயிரம் ரூபாய் ஆகும். பாக்கெட் மணியில அது முடியாதா? நீங்களே செஞ்சு பார்க்கலாம். உள்ளே போற டயோடு ஒண்ணோட விலை ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்தான். லேப்ல கிடக்கிற 741 ஐசி ஒண்ணு, 1என்4148 டயோடு ரெண்டு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அவ்வளவுதான்.

முதல் வேலை, 9 வோல்ட்டைப் பாதியாக்குறது. பேட்டரி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல 10 கிலோ ஓம் ரெண்டு போடுங்க. நடுப்புள்ளியில 4.5 வோல்ட் கிடைக்கும். அங்கே இருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் ஒண்ணு. கிட்டார் சிக்னலை 0.1 மைக்ரோஃபாரட் வழியா ஐசியோட பிளஸ் இன்புட்டுக்குக் கொடுங்க. அந்த இன்புட்டை 1 மெகா ஓம் மூலமா நடுப்புள்ளியோட சேருங்க. அவுட்புட்ல இருந்து மைனஸ் இன்புட்டுக்கு 470 கிலோ ஓம். மைனஸ் இன்புட்ல இருந்து 10 கிலோ ஓம், அதோட தொடரா 0.047 மைக்ரோஃபாரட், அப்படியே கிரவுண்டுக்கு. இப்ப பெருக்கம் எவ்வளவு? 470-ஐ 10-ஆல வகுத்து ஒண்ணு கூட்டுங்க. 48. மேலே போட்ட கணக்கு ஞாபகம் வருதா?

கடைசியா அவுட்புட்ல 1 மைக்ரோஃபாரட், அடுத்து 4.7 கிலோ ஓம். அதுக்கப்புறம் ரெண்டு டயோடும் எதிரும் புதிருமா கிரவுண்டுக்கு. அங்கே இருந்து 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் வழியா ஆம்ப்ளிஃபயருக்கு. முதல்ல பிரெட்போர்டுல போட்டு சிஆர்ஓவுல பாருங்க. மலை மொட்டையாகுதா? அப்புறம் கிட்டாரைச் சொருகுங்க. கண்டிப்பா பேட்டரியில மட்டும்தான், கரண்ட் பிளக் பக்கமே போகக் கூடாது.

ஒரு டயோடை மட்டும் கழட்டிப் பாருங்க, சத்தத்தோட குணமே மாறும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினா இரட்டைப்படை மேல்ஸ்வரங்களும் சேர்ந்து வரும். டயோடுக்குப் பதிலா சிவப்பு எல்இடி போட்டா இன்னொரு குணம். அது திறக்க ஒன்றரை வோல்ட்டுக்கு மேல வேணும், அதனால வெட்டு குறையும், சத்தம் கூடும். சிலபஸ்ல ‘கிளிப்பர்’னு ரெண்டு மார்க் கேள்வியா வந்தது, இப்ப உங்க காதுக்குப் பக்கத்துல உறுமும். அந்த நாள்ல இருந்து அந்தப் பாடத்தை நீங்க மறக்கவே மாட்டீங்க.

சரி, கீழே அம்மா இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க. பெடலை அணைச்சுட்டுப் போய் சாப்பிடுங்க. கொடை முடிஞ்சு, குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ஓய்ஞ்ச ஒரு அமைதியான ராத்திரியில அம்மாவை மாடிக்குக் கூட்டிட்டு வாங்க. வால்யூமைக் குறைச்சு வெச்சு, அம்மாவுக்குப் பிடிச்ச ஒரு மோகனத்தையோ கல்யாணியையோ நாலு ஸ்வரம் மெதுவா இழுத்து வாசிங்க. ஸ்வரம் சாகாம நீளட்டும்.

“என்னல இது, நாயனம் மாதிரி கேக்கு?”ன்னு அம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். அப்புறம் வீட்டுல யாரும் அணைச்சுப் போடச் சொல்ல மாட்டாங்க.